ஏலக்காரர் வீட்டுப் பேசும் பெட்டி

அந்தத் தெருவில் போய் "ஸ்க்ரூ அக்கா வீடு எது" என்று கேட்டுப் பாருங்கள், நடக்கப் பழகும் குழந்தைகூடக் கை காட்டும். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடையில் அவளுக்கு வேலை. ஒரு கல்யாண வீட்டில் கைக்குட்டையை எடுக்கப் போய், கைப்பையிலிருந்து நாலைந்து ஸ்க்ரூ தரையில் உருண்டோடி, மாப்பிள்ளை வீட்டார் காலடியிலெல்லாம் குனிந்து பொறுக்கினாளாம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். "ஸ்க்ரூ கழண்ட அக்கான்னு சொல்லாத வரைக்கும் சரி" என்று அவளும் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

கடைக்கு வருகிற கேஸ்களில் முக்கால்வாசி "திடீர்னு நின்னுடுது" கேஸ்தான். திரை அப்படியே நிற்கும், எதை அமுக்கினாலும் பதில் இருக்காது. கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: நான் ஒண்ணுமே பண்ணலை, தானா நின்னுடுச்சு. அவர்கள் பொய் சொல்வதில்லை, பாவம். தாங்கள் என்ன செய்கிறோம் என்று அவர்களுக்கே தெரிவதில்லை. ஒருவர் சிபியு பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்து மூச்சு முட்ட விட்டிருப்பார். இன்னொருவர் வீட்டுப் பூனை கதகதப்பாக இருக்கிறது என்று அதன் மேலேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும். இதையெல்லாம் கேட்டு வாங்குவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். பொறுமைசாலி என்று நினைத்துவிடாதீர்கள், கோபம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். ஆனால் வேலையில் மட்டும் ஒரு ஒழுங்கு வைத்திருந்தாள். ஒரு நேரத்தில் ஒரு பொருளைத்தான் மாற்றுவாள். மாற்றி, ஓடவிட்டு, காத்திருந்து பார்ப்பாள். இரண்டைச் சேர்த்து மாற்றிச் சரியாகிவிட்டால் எது குற்றவாளி என்று கடைசிவரைக்கும் தெரியாது, நல்ல பொருளுக்கும் கெட்ட பெயர் வந்துவிடும் என்பாள்.

இந்த வேலைக்கு அவள் போனதே பெரும்பாடு. கல்யாணமாகி வந்த புதிதில் வீட்டுக்குப் பெரியப்பா, சித்தப்பா என்று ஒரு கூட்டமே வந்து உட்கார்ந்து, வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு ஸ்க்ரூ டிரைவர் எதற்கு என்று ஆளாளுக்கு நியாயம் பேசியது. மாமியாருக்கு அரை மனசு. புருஷன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் சாலையில்தான் இருப்பான். வீட்டில் இருக்கும்போதும் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாதவன். அன்றைக்கு அவளுக்காகப் பேசியவர் மாமனார் ஒருவர்தான்.

மாமனார் மொத்தச் சந்தையில் காய்கறி ஏலம் விடுகிறவர். அவர் குரலைக் கேட்டால் சந்தை வாசலில் நிற்கிற வண்டிக்காரன்கூட விலையைத் தெரிந்துகொள்வான். வீட்டிலும் அதே குரல்தான். தண்ணீர் கேட்டால்கூடப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொம்பை எடுப்பார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் பேசி ஓயும்வரை அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்து நின்று, இதற்கு மேல் யாராவது கேட்கிறீர்களா என்று சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். "என் மருமக வேலைக்குப் போறா. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று சொல்லி, உள்ளங்கையால் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். ஏலம் முடிந்தது. வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டு நடையைக் கட்டினார்கள். அன்றைக்கு அவளுக்குள் உண்டான நன்றியை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மாமனாரிடம் போய் நன்றி என்று எப்படிச் சொல்வது, நாக்குக் கூசும்.

அப்படிப்பட்ட மனுஷனுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. உயிரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்கள், எடுத்தார்கள். உயிரோடு வந்தாரே என்று வீடே கும்பிட்டது. ஆனால் வந்த பிறகு அந்த வீட்டில் இருந்த அமைதி இருக்கிறதே, அதை யாராலும் தாங்க முடியவில்லை. மாமியார் வேண்டுமென்றே பாத்திரங்களைப் போட்டு உருட்டுவார். திட்டவாவது ஒரு ஆள் வேண்டுமே என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். அவர் சைகை காட்டுவார், இவர்கள் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், அவர் கையை உதறிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மருமகள்தான் வழி கண்டுபிடித்தாள். கடையில் கழித்துப்போட்ட பாகங்களில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, முதலாளியிடம் கேட்டு வாங்கி, ஒரு கம்ப்யூட்டரை அவளே பூட்டினாள். தட்டச்சு செய்வதைத் தமிழில் வாய்விட்டு வாசிக்கிற ஒரு புரோகிராமை அதில் ஏற்றினாள். போனிலேயே இதெல்லாம் முடியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். முடியும்தான், ஆனால் மூட்டை தூக்கித் தடித்த அந்த விரல்களுக்குப் போனின் எழுத்துகள் எம்மாத்திரம்? ஒன்றை அமுக்கினால் மூன்று விழும். பெரிய எழுத்துப் பலகை, பெரிய திரை, அடுக்களை வரை கேட்கிற மாதிரி இரண்டு ஸ்பீக்கர், எல்லாவற்றையும் கூடத்து மேசை மேல் வைத்தாள்.

அவர் ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். பெட்டி செய்தி வாசிக்கிறவன் மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னது: "டீயில் சர்க்கரை பத்தலை." மாமியார் அடுக்களையிலிருந்து ஓடிவந்து, கரண்டியும் கையுமாக நின்று அழுதார். அழுது முடித்ததும், டாக்டர் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னது மறந்துபோச்சா என்று பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். அவரும் பதிலை எழுத்துப் பலகையில் அடித்தார். வீட்டில் சண்டை திரும்பி வந்தது. மருமகள் அன்றைக்குக் கடைக்கு நேரமாகிவிட்டதைக்கூடக் கவனிக்காமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

குரல் போனாலும் கை போகவில்லை. முக்கியமாக ஏதாவது சொல்லும்போது பழைய வழக்கப்படி மேசையில் ஒரு தட்டு விழும். பேரம் படிந்தது, இதற்கு மேல் பேச்சில்லை என்று அர்த்தம். ஃபேன் ஓடுகிற சத்தத்தை யாராவது கவனிப்பார்களா? அந்தத் தட்டும் அப்படித்தான் வீட்டோடு வீடாகக் கலந்துவிட்டது.

நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பெட்டி நிற்க ஆரம்பித்தது. பேசிக்கொண்டே இருக்கும், பாதி வாக்கியத்தில் கப்பென்று அடங்கிவிடும். மாமியார் பயந்துபோய் உடனே சுவரில் ஸ்விட்சை அணைத்துவிடுவார். சாயந்திரம் மருமகள் வரும்போது எந்தத் தடயமும் இருக்காது. என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க அத்தை என்று கேட்டால், ஒண்ணுமே பண்ணலைம்மா, பேசிக்கிட்டிருந்தோம், தானா நின்னுடுச்சு என்பார். ஊரார் பாடுகிற பாட்டைத் தன் வீட்டிலேயே கேட்கிற விதி அவளுக்கு.

அவளும் தன் ஒழுங்குப்படி இறங்கினாள். தூசியை ஊதி எடுத்து ஃபேனைச் சுத்தம் செய்தாள், சூடு ஏறவில்லை என்று பார்த்துக்கொண்டாள். மறுநாளும் நின்றது. மெமரி இரண்டில் ஒன்றைக் கழற்றி மற்றதோடு ஓடவிட்டாள், பிறகு அதைக் கழற்றி இதைப் போட்டாள். இரண்டிலும் நின்றது. கடையிலிருந்து வேறு பவர் சப்ளை கொண்டுவந்து மாட்டினாள். அதற்கும் மசியவில்லை. ஹார்ட் டிஸ்க்கைப் பரிசோதித்தாள், அது நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டு சிரித்தது. கடைசியில் பெட்டியையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கடையில் எந்தப் பெட்டி வந்தாலும் பக்கவாட்டில் படுக்கவைத்து, மூடியைக் கழற்றிவிட்டு, வயிற்றைத் திறந்து வைத்துத்தான் ஓடவிடுவார்கள். அப்படி வாரக்கணக்கில் ஓடியது, ஒரு தடவைகூட நிற்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து நிமிர்த்தி வைத்த அடுத்த நாளே நின்றது.

முதலாளி, உங்க வீட்டு ராசி அப்படி என்று கேலி செய்தார். அவளுக்குச் சுருக்கென்றது. ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவள் வீட்டில் ஒரு பெட்டியைச் சரி பண்ண முடியவில்லை என்றால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? ஒரு கட்டத்தில், மாமியார்தான் சண்டையில் தோற்கும்போது ஸ்விட்சை அணைத்துவிடுகிறாரோ என்றுகூடச் சந்தேகப்பட்டாள். கேட்கவும் கேட்டுவிட்டாள். மாமியார் அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தராசுக்காரர் வந்தார். மாமனாரோடு காலமெல்லாம் சந்தையில் எடை போட்டவர், ரொம்ப நாள் கழித்துப் பார்க்க வந்திருந்தார். மாமனார் உற்சாகமாகிவிட்டார். சந்தையில் நடந்த பழைய கூத்து ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தார். தராசுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்து, காதைக் கொடுத்துக் கேட்டார். சிரிக்க வேண்டிய இடம் வருவதற்கு ஒரு வார்த்தைக்கு முன்னால் பெட்டி நின்றுபோயிற்று. மாமனார் திரையைக் காட்டினார், கையை ஆட்டினார், வாயைத் திறந்து திறந்து மூடினார். தராசுக்காரர் நல்ல மனுஷன். புரிந்த மாதிரி தலையை ஆட்டி, "ஆமாமா, ஆமாமா" என்று சிரித்தார். அந்தப் பொய்ச் சிரிப்புதான் மாமனாரைக் கொன்றுபோட்டது.

தராசுக்காரர் போன பிறகு மாமனார் ஒரு பெரிய துண்டை எடுத்துத் திரையையும் பெட்டியையும் சேர்த்து மூடினார். அதற்கப்புறம் அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை. சைகையும் குறைந்துபோயிற்று. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிடுவார், ஜன்னலோரம் போய் உட்காருவார். டாக்டர்கள் காப்பாற்றிக் கொடுத்த மனுஷனைத் தன் பெட்டி பறித்துக்கொண்டு போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. இந்த மௌனம் பழகிவிட்டால் பிறகு நல்ல பெட்டியே கொண்டுவந்து வைத்தாலும் பேச மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

லீவு நாள் ஒன்றில் துண்டை உருவினாள். ஒரே ஒரு தடவை, என் கண் முன்னால் பேசுங்கள் என்று கெஞ்சினாள். முன்பு ஒவ்வொரு சோதனையின்போதும் சொன்னதையே இப்போதும் சொன்னாள்: "மெதுவா, ஜாக்கிரதையா பண்ணுங்க மாமா." அவரும் மருமகள் சொல்லைத் தட்டாதவர். வகுப்பில் முதல் வரிசைப் பையன் மாதிரி முதுகை நிமிர்த்தி, ஒரு கையை மடியில் வைத்துக்கொண்டு, மறுகை விரலால் பூப்போல அமுக்கினார். பெட்டி பேசியது. வானிலையைச் சொன்னது, பக்கத்து வீட்டு நாயைப் பற்றிச் சொன்னது. நிற்கவே இல்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒன்றும் ஆகவில்லை. நோயாளி டாக்டரைக் கண்டதும் சுகமாகிவிட்ட கதைதான்.

மத்தியானம் அவர் சலித்துப்போனார். பெட்டி சொன்னது: "போதும்மா. இதை யாருக்காவது கொடுத்துடு. எனக்குச் சைகை போதும்."

அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. கொடுக்க முடியாது என்றாள். நான் ராத்திரி பகலாக மல்லுக்கட்டுவது யாருக்காக என்று கேட்டாள். ஊரையே கூட்டி ஏலம் விட்ட மனுஷன் ஜன்னலோரம் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, நீங்கள் கைகழுவினாலும் நான் விடமாட்டேன் என்று மூச்சு வாங்கக் கத்தினாள். மாமனாரிடம் அவள் குரல் உயர்த்தியது அதுவே முதல் தடவை. அவருக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. விரல்கள் பறந்தன. "இந்த வீட்டுல எதை வைக்கிறது எதைக் கொடுக்கிறதுன்னு நான்தான் சொல்வேன்" என்று பெட்டி சொல்லி முடிக்கவும், அவர் உள்ளங்கை மேசையில் படீரென்று இறங்கவும் சரியாக இருந்தது. தொடர்ந்து எழுத்துப் பலகையில் ஏதோ அடித்தார். சத்தமே இல்லை. திரை உறைந்து நின்றது.

மாமியார் வழக்கம்போல ஸ்விட்சை நோக்கி ஓடினார். "அத்தை, தொடாதீங்க" என்று மறித்து நின்றாள். பெட்டியின் முகப்பில் ஒரு பொட்டு அளவு சிவப்பு விளக்கு உண்டு. டிஸ்க் வேலை செய்யும்போது மினுக் மினுக்கென்று அடிக்கும். இப்போது அது கண் இமைக்காமல் ஒரேயடியாக எரிந்துகொண்டிருந்தது. கேட்ட கேள்விக்கு டிஸ்க்கிலிருந்து பதில் வராமல் பெட்டி காத்துக்கிடக்கிறது என்று அர்த்தம். இத்தனை நாளாக அவள் வருவதற்கு முன்பே அணைந்துபோன விளக்கு.

மறுபடி ஓடவிட்டு, தானே மேசையைத் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கைக்கு இருந்த கனம் இந்தக் கைக்கு ஏது? "மாமா, தட்டுங்க" என்றாள். அவர் திருதிருவென்று விழித்தார். "என் மேல கோபம் இருக்கில்ல, அதே மாதிரி தட்டுங்க." தட்டினார். இரண்டு தட்டுக்கு ஓடியது, அடுத்த தட்டுக்கு நின்றது. மூடியைக் கழற்றிவிட்டுத் தட்டச் சொன்னாள். எத்தனை தட்டியும் நிற்கவில்லை. மூடியைப் போட்டுத் தட்டினார், நின்றது. மாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இவளுக்கு நிஜமாகவே ஸ்க்ரூ கழன்றுவிட்டது என்று முடிவு கட்டினார்.

டார்ச் அடித்துப் பார்த்தாள். டிஸ்க்குக்குப் போகிற தட்டையான சிவப்புக் கேபிள், முழங்கை மடித்த மாதிரி வெளியே புடைத்துக்கொண்டிருந்தது. மூடியைப் போட்டால் மூடி அதை நெருக்கும். கேபிள் முனையில் பிடித்துக்கொள்கிற சின்னக் கொக்கியும் உடைந்திருந்தது. நெருக்கத்தில் அரைகுறையாக ஒட்டிக்கொண்டிருக்கிற முனை, தட்டு விழும்போது ஒரு கணம் விலகிவிடும். அந்த ஒரு கணம் போதும். கடையில் மூடி இல்லை, பெட்டி படுத்திருக்கும், தட்டவும் ஆள் இல்லை. வீட்டிலோ, அவள் சோதிக்கும்போதெல்லாம் ஜாக்கிரதை ஜாக்கிரதை என்று சொல்லிச் சொல்லியே, நோயைக் காட்டவேண்டிய கையை மடியில் கட்டிப்போட்டிருந்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டே சிரித்தாள். அன்றைக்கு வந்த கோபத்துக்கு அவள் எத்தனை நன்றி சொன்னாலும் தகும். மரியாதையாகவே பேசிக்கொண்டிருந்தால் கடைசிவரைக்கும் கண்டுபிடித்திருக்க மாட்டாள்.

கடைக்கு ஓடிப்போய், மூடியில் இடிக்காத வளைந்த முனையும் இரும்புக் கொக்கியும் உள்ள கேபிள் ஒன்றை வாங்கிவந்து மாட்டினாள். இறுக்கமாக உட்கார்ந்தது. அதோடு விடவில்லை. பின்கட்டிலிருந்து ஒரு உறுதியான முக்காலியைக் கொண்டுவந்து, அதன் மேல் ரப்பர் விரிப்புப் போட்டு, பெட்டியை மேசையிலிருந்து இறக்கி அதில் தனியாக வைத்தாள். மேசைக்கும் பெட்டிக்கும் இனிமேல் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கைகளைத் துடைத்துக்கொண்டு, இப்போது உங்கள் இஷ்டத்துக்குத் தட்டுங்கள் என்றாள். அவர் ஆசைதீரத் தட்டினார். டம்ளர் குதித்தது, பெட்டி அசையவில்லை.

மாமனார் முக்காலியைப் பார்த்தார், எழுத்துப் பலகையை இழுத்துக்கொண்டார். பிறகு அடித்தார். "தட்டாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எதுக்கு இவ்வளவு வேலை?"

"உங்க பேச்சுல பாதி அதுதானே மாமா. அதை எப்படி நிறுத்தச் சொல்றது?" என்றாள் அவள்.

அவர் குனிந்துகொண்டார். எதையோ நீளமாக அடித்தார், எல்லாவற்றையும் அழித்தார். மறுபடி அடித்தார், அழித்தார். மூன்றாவது முறை அழிக்கவில்லை. அந்தச் செய்தி வாசிக்கிற குரல் ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் சொன்னது: "என் பேச்சு முடிஞ்சுதுன்னு எல்லாரும் நெனச்சாங்க. நானே நெனச்சேன். நீ ஒருத்திதான் நெனைக்கலை. நல்லா இரும்மா."

அவளுக்குச் சொல்ல வேண்டியது ஆயிரம் இருந்தது. ஒன்றும் வரவில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள். அந்த அவஸ்தை என்னவென்று வீட்டிலேயே நன்றாகத் தெரிந்த ஆள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் மெல்ல எழுத்துப் பலகையை அவள் பக்கம் தள்ளினார்.

கண்ணில் நீர் தளும்ப எழுத்துகள் எல்லாம் கலங்கித் தெரிந்தன. தப்பும் தவறுமாக அடித்துத் திருத்தினாள். பெட்டி அவருக்காகப் பேசுகிற அதே குரலில் கம்பீரமாகச் சொன்னது: "சாப்பிட வாங்க மாமா."

அடுக்களையிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்து, உங்களை நீங்களே மாமான்னு கூப்பிட்டுக்கிட்டா எப்படி, எழுந்து வாங்க, ஆறிப்போகுது என்றார். மாமனார் தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். மருமகள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டுகளை எடுத்து வைக்கப் போனாள்.